மூன்றாம் மாடியில் முத்திரையம்மா

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் நூலகக் குழுத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் புதிய நூலகர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மாவின் மகளே, மருமகனே, வாசகர் வட்டத்து நண்பர்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிப்பதற்காகக் கூட்டம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே வந்துவிட்ட மூத்த வாசகர்களே, உங்கள் எல்லோரையும் வாசகர் வட்டச் செயலாளன் என்ற முறையில் வணங்குகிறேன்.

என்னைப் பேச அழைக்கும் முன் தலைவர் என் காதோடு ஒரு வார்த்தை சொன்னார். "சுருக்கமா பேசுங்க. இது இரங்கல் கூட்டம், உங்க வீட்டுக் கதை சொல்ற இடமில்ல." அவருக்கு என்னைத் தெரியும். ஆனால் நான் என்ன செய்ய? நம்மைவிட்டுப் பிரிந்த நம் நூலகர், முத்திரையம்மா என்று ஊரே அழைத்த அந்தப் பெருமாட்டி, செய்த தொண்டிலேயே பெரிய தொண்டு என் வீட்டுக் கதைக்குள் அல்லவா நடந்தது? அதைச் சொல்லாமல் நான் வேறு எதைச் சொல்வேன்?

துக்க வீட்டுக்குப் போனபோது அம்மாவின் மகளிடமும் கேட்டுவிட்டேன், சிரிப்பு வருகிற மாதிரி ஏதாவது பேசினால் தப்பாக எடுத்துக்கொள்வீர்களா என்று. "அழுதுகிட்டே பேசினீங்கன்னா அம்மாவுக்கே போரடிச்சிடும்ணா. நீங்க எப்பவும் போலப் பேசுங்க," என்றார். அனுமதி வாங்கிவிட்டேன். தலைவர் கவனிக்க வேண்டும்.

அம்மா எப்படிப் போனார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அதைக் கேட்கத்தான் வந்திருப்பீர்கள். நோயில்லை, ஊசியில்லை. மதியம் சாப்பிட்டார், கண்ணாடியைக் கழற்றி மடக்கி வைத்தார், சற்று சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை. யாரையும் ஒரு வேலை வாங்காமல் போய்விட்டார். துயரம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் துயரத்தோடு கூடவே, அப்பாடா, இப்படியொரு நல்ல மனுஷிக்கு இப்படியொரு நல்ல முடிவு கிடைத்ததே என்று ஒரு மூச்சும் வருகிறதா இல்லையா? எனக்கு வந்தது. என் மனைவிக்கும் வந்தது.

நம் நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்ற பலகை இல்லை. அம்மா இருந்தவரைக்கும் அதற்குத் தேவை இருக்கவில்லை. யாராவது பேசினால் அம்மா அதட்டமாட்டார். பக்கத்தில் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கன்னத்தில் கை வைத்து, ஆர்வமாகக் கேட்பார். நான் ஒருமுறை எதிர்வீட்டு ஒப்பந்தக்காரர் தலைக்கு மை பூசிக்கொள்ளும் விஷயத்தை நண்பர் ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து உட்கார்ந்தார். நான் வாயை மூடினேன். அவர் குனிந்து, மெல்ல, "அப்புறம் என்ன ஆச்சு, அந்த மை மழையில கரைஞ்சிதா இல்லையா?" என்றார். அதற்குப் பிறகு நான் வம்பு பேசுவதற்கு வாசலுக்கு வெளியே போய்விடுவது என்று வைத்துக்கொண்டேன். அங்கும் ஒருநாள் வந்தார். மழை மேட்டரை முடித்துக்கொடுத்தால்தான் ஆயிற்று என்றார்.

சரி, என் வீட்டுக் கதை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

என் மாமனார் ஓய்வு பெற்ற சர்வேயர். அதோ, மூன்றாவது வரிசையில், கையில் குடையை வைத்துக்கொண்டு, 'இவன் என்ன சொல்லப் போகிறானோ' என்று பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவரேதான். ஊர் ஊராக நிலத்தை அளந்தவர். போன ஊரிலெல்லாம் புத்தகம் வாங்கினார். எரிமலையைப் பற்றி, தேனீயைப் பற்றி, கப்பல் கட்டுவதைப் பற்றி, இல்லாத நாடுகளின் வரலாற்றைப் பற்றி. வாங்கி வாங்கி மூன்றாம் மாடியில் இருந்த தம் வீட்டில் அடுக்கினார். சுவர் நிறைந்ததும் கட்டிலின் கீழே. கட்டிலின் கீழே நிறைந்ததும் கட்டிலின் மேலே. அத்தை காலமான பிறகு அத்தை படுக்கிற பக்கத்தில் ஒரு கலைக்களஞ்சியம் முழுசாகப் படுத்திருந்தது.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மாமாவுக்கு இருதயத்தில் அடைப்பு. டாக்டர் சொல்லிவிட்டார், இனிமேல் படி ஏறக்கூடாது, தனியாக இருக்கவும் கூடாது. எங்கள் வீடு தரைத்தளம். ஒரு அறை காலியாக இருக்கிறது. என்ன பிரச்சினை? மாமாதான் பிரச்சினை.

"இதையெல்லாம் விட்டுட்டு நான் எப்படிம்மா வருவேன்?"

"எடுத்துக்கிட்டு வாங்கப்பா," என்றாள் என் மனைவி.

"உங்க வீட்ல வைக்க எடமில்ல."

"அப்ப படிச்சதெல்லாம் குடுத்துடுங்க. படிக்காதத மட்டும் கொண்டு வாங்க."

"படிக்காதத முடிச்சிட்டே வந்துடறேன். அரைகுறையா விட்டுட்டு வர்ற பழக்கம் எனக்கு இல்ல. ஒரு நிலத்தப் பாதி அளந்துட்டு எறங்கினதா கேள்விப்பட்டிருக்கியா நீ?"

இப்படியே மாதங்கள் போயின. அவர் தினமும் கடைக்கு இறங்கி ஏறினார். என் மனைவி ஃபோனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். விளம்பரக்காரன் கூப்பிட்டாலும் துள்ளி எழுந்து "அப்பாவுக்கு என்ன?" என்பாள். கடன் அட்டை விற்கிற எத்தனையோ பிள்ளைகள் பயந்து போய் எங்கள் எண்ணையே அழித்திருப்பார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் என் மனைவி எப்போதும் உட்கார்ந்துகொள்வாள். அன்றும் உட்கார்ந்தாள். "மாமாகிட்ட எது படிச்சது எது படிக்காததுன்னு ஒரு கணக்கே இல்ல. நம்ம நூலகர் அம்மாவக் கூப்பிட்டுப் பட்டியல் போட்டா, பாக்கி கொஞ்சம்தான்னு தெரிஞ்சிடும். ஒரு பெட்டியில போட்டு அழைச்சிட்டு வந்துடலாம்," என்றேன்.

அம்மா ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் இருந்தன. விடுப்பு பாக்கி இருந்தது. "வர்றேன். எனக்கும் மூணு மாடி ஏறிப் பாக்கணும், இன்னும் முட்டி இருக்கான்னு," என்றார். தோளில் அந்தப் பெரிய பை. அதற்குள் மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில், நூலக முத்திரை, மைப்பெட்டி. முத்திரையை அவர் நூலகத்தில் வைத்துவிட்டுப் போனதே இல்லை. வீட்டுச் சாவியை விட்டாலும் விடுவார், அதை விடமாட்டார். அரசாங்கச் சொத்து, தம் கையை விட்டுப் போகக்கூடாது என்பது கணக்கு.

அவர் வேலை செய்த முறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புத்தகத்தைக் காதருகே வைத்து மெல்லத் திறப்பார். முதுகுப் பசை 'கிரிச்' என்றால் அதை யாரும் திறந்ததில்லை. பக்க அடையாளத் துணி நாடா மடிந்த மடிப்பு கலையாமல் அச்சகத்தில் வைத்த இடத்திலேயே இருந்தால் படித்ததில்லை. கடைசிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அங்கே வரைக்கும் யாரும் வந்ததில்லை. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். படித்தது வலப்பக்கம், படிக்காதது இடப்பக்கம். அவ்வளவுதான்.

மாமா எதிரில் உட்கார்ந்து வக்கீல் மாதிரி வாதாடினார்.

"அது பாதி படிச்சிருக்கேம்மா."

அம்மா திறந்தார். கிரிச். இடப்பக்கம்.

"முன்னுரை முழுக்கப் படிச்சேன்."

"முன்னுரை நல்லாத்தான் எழுதியிருக்காங்க ஐயா," என்றார் அம்மா, தாமும் ரெண்டு வரி பார்த்துவிட்டு. இடப்பக்கம்.

"இந்தத் தேனீ புத்தகத்தப் பத்தி நான் ஒரு கூட்டத்துல பேசியே இருக்கேன்."

கிரிச். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்தேன். சிரித்தால் மாமனார் பார்த்துவிடுவார்.

இரண்டாம் நாள் மதியத்துக்குள் இடப்பக்கக் குவியல் ஜன்னலை மறைத்து அறையையே இருட்டாக்கிவிட்டது. வலப்பக்கக் குவியலின் மேல் நான் உட்கார்ந்து செருப்பு மாட்டினேன், அந்த உயரம்தான். மாமா வாதாடுவதை நிறுத்திவிட்டார். சமையலறையில் என்னிடம் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, இத்தனை வருஷமா நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?"

நான் மிக்சி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"இவ்ளோ பாக்கி வச்சிக்கிட்டு நான் எப்படி எறங்குவேன்? இனிமே ஒருநாளும் எறங்க முடியாது," என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மனைவி எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். அவள் அப்படி நடந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத்தான் தெரியும். கதவைத் திறக்கும்போது சொன்னாள். "உங்க யோசனைதானே? கொஞ்சம்தான் இருக்கும்னு சொன்னீங்க. நேத்துவரைக்கும் வரமாட்டேன்னு சொன்னாரு. இன்னைக்கு வர முடியாதுங்கறாரு. அந்த வீட்ல அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் உங்களோட பேசமாட்டேன்." சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் செய்த யோசனைகளிலேயே இதுதான் உச்சம் என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

நண்பர்களே, மூன்றாம் நாள் வந்தது. அந்த நாளுக்காகத்தான் நான் இந்த மேடையில் நிற்கிறேன்.

மாமா குளிக்கப் போயிருந்தார். அம்மா இடப்பக்கக் குவியலுக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பதிந்துகொண்டிருந்தார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பக்கங்களைத் துடைத்துக் கொடுத்தபடி, எங்கள் கல்யாணத்தன்று நான் மண்டபம் மாறிப் போய் வேறொரு மாப்பிள்ளையின் அறையில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் அடுத்த அறையில் படித்த புத்தகங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். டொப், டொப் என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டில் ஏதோ இடிக்கிறார்கள் என்று நினைத்தேன். டொப், டொப். ஒரே தாளம். டொப், டொப்.

திடீரென்று சிரிப்பு நின்றது. டொப்பும் நின்றது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். அம்மாவின் கையில் முத்திரை. முன்னால் அடுக்கடுக்காக மாமாவின் புத்தகங்கள். ஒவ்வொன்றின் தலைப்புப் பக்கத்திலும் ஊதா நிறத்தில் வட்டமாக நம் நூலகத்தின் பெயர். ரகசியப் பக்கத்திலும்தான். திருடன் தலைப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் கண்டுபிடிப்பதற்காக உள்ளே ஒரு பக்கத்தில் குத்துவார்களே, அதே பக்கத்தில். எந்தப் பக்கம் என்று நான் சொல்லமாட்டேன். புதிய நூலகர் பயப்பட வேண்டாம்.

வாழ்நாளெல்லாம் பட்டியலில் ஒரு பெயரை ஏற்றியதும் முத்திரை குத்திப் பழகிய கை. வாய் சிரித்துக்கொண்டிருந்தபோது கை அதன் வேலையைப் பார்த்துவிட்டது. வேறு யாருக்கு வரும் இப்படியொரு தவறு? ஒரு டாக்டருக்கு வருமா? ஒரு மந்திரிக்கு வருமா?

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "என்ன பண்ணிட்டேன், ஐயோ என்ன பண்ணிட்டேன்," என்று முத்திரையைப் பார்த்தார், அது ஏதோ கடித்துவிட்ட மாதிரி. "அன்பளிப்புன்னு ஒருத்தரும் சொல்லல. அவரோட சொந்தப் புத்தகம். நான் போய் அரசாங்க முத்திரையக் குத்திட்டேன்."

"அழிக்க முடியாதாம்மா?" என்றாள் என் மனைவி.

"அழிச்சா அதுக்கும் ஒரு விசாரணை. முத்திரை விழுந்த புத்தகம் இருப்புல இல்லன்னா திருட்டுக் கணக்கு. வேலைய விட்டுப் போற நேரத்துல..." கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மாமா துண்டோடு வந்தார். ஒரு புத்தகத்தை எடுத்தார். திறந்தார். பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். என் மனைவி அவர் நெஞ்சைப் பார்த்தபடி மாத்திரைப் பெட்டியைத் தேடினாள்.

"இப்ப இது யாரோடதும்மா?" என்றார் மாமா.

"உங்களோடதுதான் ஐயா. மன்னிச்சிடுங்க. நான் விளக்கம் எழுதிக் குடுத்து..."

"சட்டப்படி கேக்கறேன்."

அம்மாவால் பொய் சொல்ல முடியாது. "சட்டப்படி... நூலகத்தோடது."

"இந்தக் குவியல் பூராவும்?"

"பூராவும்."

மாமா கட்டிலில் உட்கார்ந்தார். குவியலை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தார். பிறகு கேட்டார். "அப்ப இத நான் படிச்சாகணும்னு இல்லையா?"

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நூலகத்துப் புத்தகத்த யாரும் முழுசா படிச்சாகணும்னு இல்லீங்க ஐயா. வேணும்கிறவங்க எடுப்பாங்க. வேணாம்னா அது பாட்டுக்கு இருக்கும்."

"இருக்கலாமா?"

"இருக்கலாம்."

அவர் சிரித்தார். என் கல்யாணத்தில் நான் மண்டபம் மாறிப் போனபோதுகூடச் சிரிக்காத மனிதர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அழுகிறாரோ என்று நாங்கள் பயந்தோம். துண்டை எடுத்தபோது முகம் அலம்பி விட்ட மாதிரி இருந்தது.

"மிச்சம் ஏன்மா வச்சிருக்கீங்க? அதையும் குத்துங்க. மை தீர்ந்தா மாப்பிள்ளை வாங்கிட்டு வருவாரு."

தம் மகள் கெஞ்சியபோது கொடுக்காதவர், டாக்டர் மிரட்டியபோது கொடுக்காதவர், ஒரு நூலகருக்கு வேலையில் கெட்ட பெயர் வரக்கூடாது என்று சொல்லி அத்தனையையும் கொடுத்துவிட்டார். அவருக்கும் அப்படியொரு காரணம் தேவைப்பட்டிருக்கும் போல. அம்மா அவரைக் காப்பாற்றினாரா, அவர் அம்மாவைக் காப்பாற்றினாரா? ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

ஆனால் அம்மா யார்? "நான் மொத நாளே குடுத்துட்டேன்னு தேதி போட்டுக்கங்க," என்று மாமா எவ்வளவோ சொன்னார். அம்மா கேட்கவில்லை. அன்பளிப்புக் கையெழுத்து வாங்கும் முன்பே முத்திரை குத்தியது என் தவறு என்று குழுவுக்குத் தாமே எழுதிக் கொடுத்தார். நம் குழுவும் சும்மா இருக்கவில்லை. இன்னும் சில வாரத்தில் ஓய்வு பெறப் போகிறவருக்கு, 'இனிவரும் காலங்களில் கவனமாக இருக்கவும்' என்று ஓர் உத்தரவு போட்டது. தலைவர் தலையைக் குனிய வேண்டியதில்லை. உத்தரவு வந்த அன்றைக்கு அம்மா நூலகத்தில் எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். நிம்மதி அப்படி.

மறுவாரம் மாமா படி இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைத்து இறக்கினோம். படித்த புத்தகங்கள் ஒரே பெட்டி, அதை நான் தூக்கினேன். அன்று மதியம் என் மனைவி தூங்கினாள். ஃபோன் சமையலறையில் இருந்தது. அது அடித்தது. அவள் எழுந்திருக்கவே இல்லை. என்ன தூக்கம் அது! நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மாமா உறுப்பினர் ஆனார். தம் புத்தகங்களைத் தாமே இரவல் வாங்கினார். பத்து பக்கம் படித்து, பிடிக்காவிட்டால் மறுநாளே மேசையில் வைத்தார், ஒரு கூச்சமும் இல்லாமல். எரிமலைப் புத்தகத்தைத் தையற்கடைக்காரர் எடுத்துப் போய்த் தேநீர்க் கறையோடு திருப்பியபோது மட்டும் ரெண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் தையற்கடையில் உட்கார்ந்து எரிமலை பற்றி விவாதம். கறை எரிமலை வெடிக்கிற அத்தியாயத்தில் விழுந்திருந்ததாம், அந்த இடத்தில் யாருக்கும் கை நடுங்கும் என்று தையற்காரர் வாதம்.

ஊரில் செய்தி பரவியது. "அம்மா, எங்க வீட்டுக்கும் வந்து குத்திட்டுப் போங்களேன்" என்று ஆள் மேல் ஆள். ஓய்வு பெற்ற பிறகும் அம்மா புதிய நூலகரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். போன இடத்திலெல்லாம் ஒரு அறையின் ஜன்னல் திறந்தது. ஒரு மனிதர் லேசானார். கடைசியாகப் போனது பின்தெரு இசை ஆசிரியை வீட்டுக்கு. கணவர் சேர்த்து வைத்துவிட்டுப் போன புத்தகங்கள் நடை முழுக்க. அந்த அம்மாள் தம் படுக்கையறைக்குப் பக்கவாட்டாகத்தான் நுழைய முடிகிறது. அந்த வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது.

அந்த மீதியை யார் முடிப்பது? நாம்தான். வரும் ஞாயிறு காலை வாசகர் வட்டம் அந்த வீட்டுக்குப் போகிறது. புதிய நூலகர் முத்திரையோடு வருகிறார். கையெழுத்து முதலில், குத்துவது பிறகு என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மாமா இடப்பக்கக் குவியலுக்குப் பொறுப்பேற்கிறார். அவருக்குத்தான் அதில் அனுபவம் அதிகம். அதற்குப் பிறகு அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. அம்மா விட்ட இடத்தில் இந்தப் பணி நிற்காது என்று இந்த அவையின் முன் வாசகர் வட்டத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன்.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு நம்மிடம் புத்தகம் ஒன்றும் இல்லை. இன்று காலை கூட்டத்துக்குக் கிளம்பும்போது மாமா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். "மூணு நாள் என் எதிர்ல உக்காந்திருந்தாங்க மாப்பிள்ளை. நானா உளறினேனே தவிர, அந்த அம்மா ஒரு தடவகூட என்கிட்ட, 'இதப் படிச்சீங்களா'ன்னு கேக்கல." குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

நாமும் எந்த வீட்டிலும் கேட்கமாட்டோம், அம்மா. போய் வாருங்கள்.